எதிர்முனையில் காதர் பாய்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஏழு பேருக்கும் பாயிண்ட்-டு-பாயிண்ட் லிங்க் என்றால் என்ன என்று நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி ஆபீஸிலிருந்து கேட்டார்கள். ரிட்டயர் ஆனவன் சும்மாதானே கிடப்பான் என்ற நினைப்பு. சும்மாதான் கிடக்கிறேன், அதனால் எழுதுகிறேன். ஆனால் அலைவரிசை எவ்வளவு, டிஷ் எத்தனை அடி, எந்த ரேடியோ நல்லது என்றெல்லாம் இதில் இருக்காது. அதற்கெல்லாம் உங்கள் போனில் வீடியோ இருக்கிறது. பேசுகிறவர்களும் என்னைவிடத் தெளிவாகப் பேசுகிறார்கள். நான் எழுதப்போவது என் சர்வீஸில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. படித்துப் புரியாவிட்டால் வீட்டுக்கு வாருங்கள். எரியோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி டிஷ்காரர் வீடு எது என்று கேட்டால் காட்டுவார்கள்.

அடிப்படையை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆபீஸுக்குள் இருக்கும் நெட்வொர்க்கில் நாற்பது கம்ப்யூட்டர் இருக்கும். ஒன்று பேசாவிட்டாலும் மற்றவை பேசும், எங்கே கோளாறு என்று சுற்றிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். பாயிண்ட்-டு-பாயிண்ட்டில் இரண்டே முனைதான். திண்டுக்கல்லில் ஒரு மாடியின் மேல் ஒரு டிஷ், பல கிலோமீட்டர் தள்ளி வேறொரு ஊரில் இன்னொரு டிஷ். இரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் வயரும் கிடையாது, வேறு ஆளும் கிடையாது. அதனால் லிங்க் படுத்துவிட்டால் சந்தேகப்படவும் இரண்டே பேர்தான். ஒன்று நீ, இன்னொன்று அவன். உன் பக்கம் சுத்தம் என்று உனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டால் மிச்சம் யார்? இந்த இடத்தில்தான் நான் விழுந்தேன்.

என் எதிர்முனையில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தவர் காதர் மைதீன். எல்லாருக்கும் காதர் பாய். பேகம்பூரில் வீடு. அவருடைய அப்பாவும் அண்ணன்களும் தோல் வியாபாரத்தில் இருந்தார்கள். இவருக்கு மட்டும் அந்த வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டார். என்னைவிட மூன்று வயது மூத்தவர், ஆனாலும் என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். நான் அவரைப் பாய் என்பேன். கோபம் வந்தால் மட்டும் இருவரும் ஒருவரையொருவர் சார் போட்டுக்கொள்வோம்.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு வருஷமும் நாங்கள் பக்கத்தில் நின்று வேலை பார்த்தது மிகக் குறைவு. காலையில் ஆபீஸில் கையெழுத்துப் போடுவோம், வாசலில் ஒரு டீ, அவர் ஒரு ஊருக்குப் பஸ் ஏறுவார், நான் திண்டுக்கல்லில் ஒரு மாடி ஏறுவேன். அதற்கப்புறம் சாயங்காலம் வரை போன்தான். அவர் முகத்தைவிட அவர் குரல்தான் எனக்கு அதிகப் பழக்கம். மூச்சு வாங்கும் சத்தத்தை வைத்தே டவரில் எத்தனை அடி ஏறியிருக்கிறார் என்று சொல்லிவிடுவேன்.

இப்போது நீங்கள் போனில் மேப்பைத் திறந்து கோடு போட்டுவிடுகிறீர்கள். அப்போது எதிர்முனை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே அரை நாள் வேலை. எல்லாத் திசையிலும் தென்னந்தோப்பும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே மாதிரி தெரியும். காதர் பாய் பையில் சிவப்பு பிளாஸ்டிக் சட்டம் போட்ட முகக்கண்ணாடி ஒன்று வைத்திருப்பார். வெயிலில் அதைப் பிடித்து என் பக்கம் ஆட்டுவார். பல மைல் தூரத்தில், பச்சைக்கு நடுவில், மினுக் மினுக் என்று ஒரு புள்ளி தெரியும். "தெரியுதா மாப்ள?" என்பார் போனில். "தெரியுது பாய்," என்பேன். அந்தப் புள்ளியைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது. ஒரு முறை ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு அம்மா, எவனோ தன் வீட்டு ஜன்னலுக்குள் வெளிச்சம் அடிக்கிறான் என்று பாயைத் துடைப்பத்தோடு துரத்திவிட்டது. போனை வைக்காமலே ஓடினார். அவர் ஓடிய ஓட்டம் முழுவதையும் நான் மாடியில் நின்று கேட்டேன்.

டிஷ்ஷைத் திருப்புவதற்கு எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. டவர் மேலே தொங்கிக்கொண்டிருப்பவன் கையில் லேப்டாப் இருக்காது. அவன் டிஷ்ஷைத் திருப்புவான், அது சரியா தப்பா என்பதை எதிர்முனையில் இருப்பவன் நம்பர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருவர் திருப்பும்போது மற்றவர் தன் டிஷ்ஷைத் தொடவே கூடாது. சிக்னல் நம்பரெல்லாம் மைனஸில் வரும். நாங்கள் மைனஸைச் சொல்லமாட்டோம். ஐம்பதுகளில் இருந்தால் நிம்மதி, எண்பதைத் தொட்டால் லிங்க் படுத்துவிடும். "அறுவத்தெட்டு... அறுவத்தஞ்சு... நில்லு நில்லு, தாண்டிட்ட. செத்த எடப்பக்கம் வா... அறுவது. அம்பத்தெட்டு. முறுக்கு!" என்பார். அவர் முறுக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு நட்டை முறுக்குவேன். தப்பாக ஒரு நம்பரை அவர் எனக்குச் சொன்னதாக ஞாபகமே இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அவர்களுக்குச் சித்தையன்கோட்டையில் ஒரு சிறிய கிளை. கர்ப்பிணிகளுக்கு அங்கே ஸ்கேன் எடுப்பார்கள், படம் லிங்க் வழியாகத் திண்டுக்கல்லுக்கு வரும், பெரிய டாக்டர் இங்கிருந்தே பார்த்துச் சொல்வார். அந்த லிங்க்கை நாங்கள்தான் போட்டோம். திண்டுக்கல் முனையில் ஆஸ்பத்திரி மொட்டைமாடி டவரில் நான், சித்தையன்கோட்டைக் கிளையின் டவரில் காதர் பாய். போட்ட நாளிலிருந்து நாலு வருஷம் அது ஒரு சின்னச் சிணுங்கல்கூட இல்லாமல் ஓடியது. ஒரே ஒரு முறை மழையில் பாயின் முனையில் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. டேப்பை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்க வேண்டும். அதை அவரே ஒத்துக்கொண்டு அன்றைக்கே சரி செய்தார்.

ஐந்தாவது வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. மழை விட்டு வெயில் வந்த பிறகுதான் கோளாறு தொடங்கியது. தினமும் காலை ஏழரை மணிக்கு மேல் சிக்னல் இறங்கும், எட்டு மணிக்கு நம்பர் எண்பதைத் தாண்டும், லிங்க் படுத்துவிடும். பத்து மணிவாக்கில் தானாகவே எழுந்துகொள்ளும். அதற்கப்புறம் நாள் முழுக்க ஒன்றும் இருக்காது. ஆனால் ஸ்கேன் எடுப்பது காலையில்தான். வயிற்றுப்பிள்ளைக்காரிகள் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், படம் போகாது, பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்கு வரச் சொல்வார்கள். டாக்டர் எங்கள் மேனேஜரைப் போனில் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டார்.

நான் என் முனையைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தேன். கேபிளை மாற்றினேன், ரேடியோவை மாற்றினேன், கரண்ட் பெட்டியை மாற்றினேன். சிக்னல் குறைந்தால் டிஷ்ஷை உயர்த்து என்பது நம் தொழிலில் எல்லாருக்கும் கையில் ஊறிய பழக்கம். நானும் டவர் உச்சியில் பத்தடிக் குழாய் ஒன்றைச் சேர்த்து டிஷ்ஷை இன்னும் மேலே ஏற்றினேன். நிலைமை இன்னும் மோசமானது. அதையும் நான் சரியாக யோசிக்கவில்லை. ஏற்றியும் வரவில்லையென்றால் கோளாறு நிச்சயமாக அந்தப் பக்கம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

காதர் பாயைக் கேட்டால், "இங்க எல்லாம் கெட்டியா இருக்கு மாப்ள. டேப்பக்கூடப் புதுசாச் சுத்திட்டேன். ஆனா சிக்னலு மட்டும் தன்னால எறங்குது, தன்னால ஏறுது. எனக்கே ஒண்ணும் வெளங்கல," என்பார்.

விளங்கவில்லை என்று ஒரு ஆள் நேர்மையாகச் சொன்னால் நமக்கு அது பிடிப்பதில்லை. எதையோ மறைக்கிறான் என்று தோன்றுகிறது. எனக்கும் தோன்றியது. தினமும் லிங்க் படுக்கும், பாய் டவரில் ஏறுவார், ஒரு மணி நேரம் எதையோ தடவிப் பார்ப்பார், இறங்குவார், பத்து மணிக்கு லிங்க் வந்துவிடும். அப்படியென்றால் மேலே ஏதோ ஒன்று லூசாக இருக்கிறது, தினமும் ஒட்டுப்போட்டுவிட்டு வருகிறார், ஒழுங்காக ஒரு முறை செய்து முடிக்கவில்லை என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். அவர் ஏறினாலும் ஏறாவிட்டாலும் பத்து மணிக்கு அது வந்திருக்கும். அவரை ஒரு நாள் ஏறாமல் இருக்கச் சொல்லிப் பார்த்திருந்தாலே எனக்குத் தெரிந்திருக்கும். அந்த எளிய சோதனை எனக்குத் தோன்றவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் கூட்டம் போட்டார்கள். டாக்டர், நிர்வாகி, எங்கள் மேனேஜர், நான். அந்த நேரத்தில் லிங்க் படுத்திருந்தது, காதர் பாய் அங்கே டவரில் இருந்தார். டாக்டர் உட்காரக்கூட இல்லை. "யாருதான் பொறுப்பு? எனக்கு ஒரு பதில் வேணும்," என்றார். மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"ஜெபமாலை, எந்த முனை?"

"அந்தப் பக்கம்தான் சார்," என்றேன்.

"எழுதிக் குடுங்க."

இரண்டே வரி எழுதிக் கொடுத்தேன். திண்டுக்கல் முனையில் குறையில்லை, எதிர்முனைப் பராமரிப்பில் குறை. கையெழுத்துப் போட்டபோது என் சட்டைப் பையில் போன் இருந்தது. அதை எடுத்து, பாய், இப்படி எழுதிக் கேட்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்க ஒரு நிமிஷம் போதும். நான் கேட்கவில்லை. டாக்டர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு அந்த அறையை விட்டு வெளியே வந்தால் போதும் என்றிருந்தது. காரணம் அவ்வளவுதான். இதற்கு மேல் நியாயம் ஏதும் என்னிடம் கிடையாது.

புதன்கிழமை காதர் பாயை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். முந்தின கனெக்டர் விஷயத்தையும் சேர்த்துக் கடிதத்தில் போட்டிருந்தார்கள். அவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை, ஒரு மெமோவோடு விடுவார்கள் என்று நினைத்தேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு இந்தத் தொழிலில் வேறு யார் வேலை கொடுப்பார்கள் என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் தப்பு அவருடையது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். நம்பினால்தான் தூங்க முடியும்.

மதுரையிலிருந்து வேறொரு ஆள் வந்தான். சித்தையன்கோட்டை முனையில் டிஷ், ரேடியோ, கேபிள், கனெக்டர் என்று ஒன்று விடாமல் மாற்றினான். மறுநாள் காலை எட்டு மணிக்கு லிங்க் பழையபடி படுத்தது. இன்னும் இரண்டு நாள் பார்த்துவிட்டு, இது ஆகாத காரியம் என்று சொல்லி ஊருக்குத் திரும்பிவிட்டான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் அதே கோளாறு, அதே மணிக்கு வந்தால் அது பாயின் கைவேலையாக இருக்க முடியாது.

அடுத்த நாள் காலை நானே பைக்கை எடுத்துக்கொண்டு சித்தையன்கோட்டைக்குக் கிளம்பினேன். அதுவரை நான் அந்த முனைக்குப் போனது, லிங்க் போடுவதற்கு முன் வழி பார்க்கப் போன அன்றைக்கு ஒரே ஒரு முறைதான். பாதி வழியில் ரோட்டில் நகர முடியாத கூட்டம். பைக்கும் ஆட்டோவுமாக நிற்கிறது, பெண்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் ஏறுகிறார்கள். ஏதோ விபத்து என்று இறங்கிப் பார்த்தேன்.

"என்னண்ணே கூட்டம்?" என்று ஒருவரைக் கேட்டேன்.

"கொளம் நெறஞ்சிருச்சுல்ல! மறுகா பாயுது, தண்ணி வழிஞ்சு ஓடுது. எம் மகன் பெறந்ததுலருந்து இதுல தண்ணியே பாக்கல. அவனுக்கே இப்பக் கல்யாணம் ஆயிருச்சு," என்றார். அவர் முகமெல்லாம் பல்.

நானும் கரையில் ஏறினேன். காற்றே இல்லை. அம்புட்டுப் பெரிய குளம், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை தட்டையாகக் கிடந்தது. தூரத்தில் திண்டுக்கல் மலைக்கோட்டை தெரிந்தது. அதற்குக் கீழே, தண்ணீருக்குள், இன்னொரு மலைக்கோட்டை தலைகீழாகத் தெரிந்தது. பக்கத்தில் யாரோ தண்ணீரில் பூவை எறிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். மலை எனக்கு இரண்டு வழியாக வந்து சேர்ந்தது, நேராக ஒன்று, தண்ணீரில் பட்டுத் திரும்பி ஒன்று. எங்கள் டிஷ் அனுப்பிய சிக்னலும் அப்படித்தான். நேராகப் போனது ஒன்று, குளத்தில் பட்டுத் தெறித்துச் சற்றுப் பிந்திப் போனது ஒன்று. இரண்டும் எதிர்முனையில் மோதி ஒன்றையொன்று தின்றுவிட்டன. காலையில் காற்று அடங்கியிருக்கும்போது அந்தக் கணக்கு மோசமாகப் பொருந்தியது, வெயில் ஏறிக் காற்று சூடானதும் விலகிக்கொண்டது. நாலு வருஷமாக அங்கே கருவேலமுள்ளும் ஆடும்தான் இருந்தன, அதனால் ஒன்றும் தெறிக்கவில்லை. கோளாறு பாயின் முனையிலும் இல்லை, என் முனையிலும் இல்லை. சந்தேகப்பட இரண்டே பேர்தான் என்று நினைத்தேன் பாருங்கள், நடுவில் ஒரு குளம் இருந்திருக்கிறது.

அது சாக்காகவும் ஆகாது. ஆபீஸுக்குத் திரும்பி இந்த லிங்க்கின் சர்வே படிவத்தை எடுத்துப் பார்த்தேன். வழியில் நீர்நிலை உண்டா என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. வழி பார்க்க அன்றைக்குப் போனவன் நான் ஒருவன்தான். முள் மண்டிய அந்தக் குளத்துக்குள்ளேயே பைக்கை ஓட்டி நடுவில் நின்று டீ பிளாஸ்க்கைத் திறந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவன் நான். தண்ணீர் இல்லாத குளத்தைக் குளம் என்றே நினைக்காத அளவுக்கு எனக்குப் பழகிப்போயிருக்கிறது. வெளியூர்க்காரன் எவனாவது சர்வே செய்திருந்தால் மேப்பைப் பார்த்து உண்டு என்று எழுதியிருப்பான்.

தெறிப்பைத் தவிர்க்க டிஷ்ஷின் உயரத்தை மாற்ற வேண்டும். மேலே ஏற்ற இடமில்லை, அதனால் இறக்க வேண்டும். எத்தனை அடி என்பதை அந்த எட்டு மணிக் கோளாறு நடக்கும்போது இறக்கி இறக்கித்தான் பார்க்க முடியும். அதற்கு எதிர்முனையில் நம்பர் படிக்க ஒரு ஆள் வேண்டும். மதுரைக்காரன் போய்விட்டான். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி மாடியில் நின்றுகொண்டு காதர் பாய்க்குப் போன் போட்டேன்.

"சொல்லு," என்றார். மாப்ள என்று சொல்லவில்லை.

குளத்தைச் சொன்னேன், படிவத்தைச் சொன்னேன், என் கையெழுத்தைச் சொன்னேன்.

"நானும் போன வாரம் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போயி அந்தத் தண்ணியப் பாத்துட்டு வந்தேன்," என்றார் கடைசியில். "காலக்கூட நனச்சேன். எனக்கும் தோணலயே."

"பாய், நம்பர் படிக்க ஆள் இல்ல."

"நா இப்ப அங்க வேல பாக்கல. தெரியும்ல சார்?"

"தெரியும்."

போனை வைத்துவிட்டார். நான் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கயிறு பிடிக்க வந்த ஆள் என்ன சார் செய்ய என்று கேட்டான், இரு என்றேன். எட்டே காலுக்குப் போன் அடித்தது. வணக்கம், ஹலோ ஒன்றும் இல்லை.

"எம்பத்தொண்ணு," என்றார் காதர் பாய்.

நான் டவரில் ஏறினேன். முதலில் நான் சேர்த்த பத்தடிக் குழாயைக் கழற்றினோம். பிறகு கயிற்றில் கட்டி இரண்டிரண்டு அடியாக டிஷ்ஷை இறக்கினோம். "எம்பது... எம்பத்திரெண்டு... இன்னும் எறக்கு. எழுவத்தேழு... எழுவத்தொண்ணு... எறக்கு எறக்கு. அறுவத்தஞ்சு... அறுவது. செத்த நில்லு." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "இன்னும் ஒரு அடி. அம்பத்தெட்டு. முறுக்கு." நான் முறுக்கினேன். உச்சியிலிருந்து இருபது அடி கீழே வந்திருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"பாய்," என்றேன்.

"எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டிருக்கலாம்," என்றார். திட்டவில்லை, சத்தமும் போடவில்லை. போனை வைத்துவிட்டார்.

மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, தலைவலி தீர்ந்ததே என்று இருந்தார். "லிங்க் ஏறிருச்சுல்ல ஜெபமாலை, அப்புறம் எதுக்கு நோண்டுறீங்க? நீங்க எழுதிக் குடுத்ததுலதான் அவர அனுப்புனோம். இப்ப மாத்தி எழுதுனா உங்களத்தான் கேப்பாங்க," என்றார். அது உண்மை. இதையும் மறைக்காமல் சொல்கிறேன், நான் நாலு நாள் எழுதவில்லை. எனக்கும் வீடு இருக்கிறது, மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். காதர் பாய்க்கு வேறெங்காவது வேலை பார்த்துக் கொடுத்துவிடலாம் என்றுகூட யோசித்தேன். ஐந்தாம் நாள் ஒரு சாதாரணக் காலையில் வாசலில் ஒற்றை டீயைச் சொல்லிவிட்டு நின்றபோது தாங்கவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு மேலே போய் எழுதினேன். சர்வேயில் தவறு செய்தவன் நான், எதிர்முனையைப் பற்றி விசாரிக்காமல் எழுதிக் கொடுத்தவனும் நான், காதர் மைதீன் மேல் எந்தக் குறையும் இல்லை. ஒரு பிரதி முதலாளிக்கு, ஒன்று ஆஸ்பத்திரிக்கு.

எனக்கு ஒரு வருஷ இன்கிரிமென்ட் நின்றது, சர்வே வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்துக் காதர் பாயைத் திரும்ப அழைத்தார்கள். அந்தக் கடிதத்தை நானே பேகம்பூருக்கு எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் நின்றே படித்தார், உள்ளே வா என்று சொல்லவில்லை.

"வாரேன்," என்றார். "ஆனா நீ சித்தையன்கோட்டைக்கு வந்து, அங்க கெளையப் பாத்துக்கிற சிஸ்டர்கிட்டத் தப்பு யாருதுன்னு சொல்லணும். லெட்டர்லாம் வேணாம். வாயால சொல்லணும்."

நான் சொல்லாமல் விட்டால் அவர் வேலைக்கே வரமாட்டார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நெருக்கடியில் உங்களிடம் பதில் கேட்பார்கள். தெரியாது, ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று சொல்லப் பழகுங்கள். திட்டு விழும், விழட்டும். உங்கள் எதிர்முனை எப்படி இருக்கிறது என்று வருஷத்துக்கு ஒரு முறையாவது நேரில் போய்ப் பாருங்கள். அங்கே இருக்கிறவரைக் கேட்காமல் அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். நான் இதை எவ்வளவு தாமதமாகக் கற்றுக்கொண்டேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சித்தையன்கோட்டைக்கு இருவரும் ஒரே பைக்கில் போனோம். குளக்கரையைத் தாண்டும்போது இருவரும் நேராகத்தான் பார்த்தோம். கிளையைப் பார்த்துக்கொள்பவர் மரியபுஷ்பம் என்ற சிஸ்டர், வயதானவர், மூக்கில் இறங்கிய கண்ணாடி. பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாய் உள்ளே வராமல் டவர் அடியில் நின்று பெட்டியைத் திறந்து எதையோ பார்ப்பதுபோல இருந்தார்.

என் பெயரைச் சொன்னேன். "சிஸ்டர், போன மாசம் லிங்க் படுத்ததுக்குப் பாய் காரணமில்ல. தப்பு என்னோடது. நான்தான் சரியாப் பாக்காம அவரு மேல எழுதிக் குடுத்துட்டேன்," என்றேன். பெஞ்சில் பேச்சு நின்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

சிஸ்டர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அத எங்களுக்கு நீங்க வந்து சொல்லணுமா சார்? தெனம் காலையில வெயிலு, தூத்தல்னு பாக்காம அந்த மனுசன் இதுல ஏறி எறங்குனத நாங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தோம். கஞ்சிகூடக் குடிக்காம ஏறுவாரு. ஒரு நாளு நீங்க இங்க வந்திருந்தா நீங்களும் பாத்திருப்பீங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்தேன். பாய் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். ஆனா அவங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கு பாய்."

"அவங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாதா மாப்ள?" என்றார். "அவங்களுக்குச் சொல்றதுக்கா ஒன்னய வரச் சொன்னேன்?"